வேலிக்கு ஒரு முழம் தள்ளி

இப்போதெல்லாம் அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் சாலை வளைவில் இருக்கும் பாலத்துக்குத்தான் போக வேண்டும். பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மழைத்தண்ணீர் போக அடியில் ஒரு குழாய், மேலே இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கட்டை. குல்லாவும் கம்பளியுமாக அந்தக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் படிப்படியாக ஏறும் எங்கள் பூண்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கையால் நட்டு வளர்த்த தோட்டம். உள்ளே போய் ஒரு களை பிடுங்கமாட்டார். அவரை அங்கே உட்கார வைத்தது நான்தான்.

கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் திரும்பிப்போக இடம் தேடும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, கொஞ்சம் பீன்ஸ். எங்களுக்குப் பனியும் பழக்கம், மழையும் பழக்கம். காட்டுமாடுதான் பழகவில்லை. டூரிஸ்ட்டுகள் காரை நிறுத்தி இறங்கி "ஆஹா, காட்டெருமை!" என்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்களே, அதே ஜீவன்தான். கேரட் பாத்தியில் நாலு மாடு ஒரு காலை நேரம் நின்றுவிட்டுப் போனால் அப்புறம் அங்கே அறுவடை என்று ஒன்றும் கிடையாது. அவர்களும் ஒருநாள் வந்து அந்தப் பாத்தியைப் பார்த்து செல்ஃபி எடுத்துக்கொள்ளட்டும்.

சிலபேர் வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பியை இழுத்து வேலியில் கொடுத்துவிடுவார்கள். அது வேலியில்லை, கொலை. அப்பாவுக்கும் அந்த எண்ணம் வந்தது. "வேண்டாம்ப்பா, நானே ஒரு பெட்டி செய்து தருகிறேன்" என்று சொல்லி, மதுரையில் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் கூடத்தின் பட்டறையில் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து செய்தேன். ஒரு பேட்டரி, அதற்குத் தீனி போட ஒரு சோலார் தகடு, உள்ளே ஒரு சர்க்யூட். அது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரே தட்டாகக் கம்பியில் விடும். பிறகு மறுபடி சேர்க்கும். மாட்டுக்குச் சுரீரென்று இருக்கும், சாகாது. ஒவ்வொரு தட்டுக்கும் டிக் என்று ஒரு சத்தம்.

மாட்டிய அன்று அப்பா என்ன செய்தார் தெரியுமா? நான் தடுப்பதற்குள் விரலை நீட்டிக் கம்பியைத் தொட்டுவிட்டார். "ஆத்தாடி! என்னா கடி கடிக்குது தாயி!" என்று கையை உதறிக்கொண்டே சிரித்தார். அதோடு விட்டாரா, டீக்கடையில் போய், "எம் மக செஞ்ச பொட்டி. கடையில விக்கிற பொட்டியெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது" என்று அளந்துவிட்டு வந்தார். உண்மையில் கடைப் பெட்டியைவிட என்னுடையது சாது. பயத்தில் வேகத்தைக் குறைத்தே வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல மனசு வரவில்லை.

ஐப்பசியில் விதை ஊன்றும்போதுதான் அப்பா விழுந்தார். எங்கள் பக்கம் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு, புகையிலேயே வைத்திருப்போம். புகை பட்ட பூண்டு கெடாது, முளைப்பும் ஒழுங்காக இருக்கும். எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் பல்லை எந்தக் கை ஊன்றியதோ, அந்தக் கைதான் அறுவடையில் முதல் கட்டுப் பூண்டைப் பிடுங்க வேண்டும். அந்தக் கட்டை விற்க மாட்டோம், குழம்பில் போட மாட்டோம். நேரே பரணுக்குப் போய் அடுத்த போகத்துக்கு விதையாகிவிடும். அன்றைக்கும் அப்பாதான் முதல் பல்லை ஊன்றினார். இரண்டு மூன்று பாத்தி தாண்டியிருப்பார், கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு உருண்டுவிட்டார். விதைப்புக்கு நானும் ஊருக்கு வந்திருந்தேன்; ஜீப்பில் போட்டுக்கொண்டு மதுரைக்கு ஓடினோம்.

இதயம் மெதுவாகத் துடிக்கிறது, சில துடிப்பு விட்டும் போகிறது என்றார்கள். தோளுக்குக் கீழே தோலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கூத்து என்னவென்றால், என் பிழைப்பே இதுதான். இதயத் தசையின் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவை ஒன்றோடொன்று எப்படிச் சேதி சொல்லிக்கொள்கின்றன என்று பார்ப்பது. தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருக்கும் இரண்டு கூட்டம் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டதும், கொஞ்ச நேரத்தில் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். செல்லுக்குள் புரோட்டான் கூடி அமிலமானால் பக்கத்துச் செல்லுக்குப் போகும் வழி மூடிக்கொள்ளும்; அப்புறம் பேச்சு நின்றுபோகும். அந்த வழி எப்போது மூடுகிறது, எப்படித் திறக்க வைப்பது என்பதில் வருஷக்கணக்காகக் கிடக்கிறேன். அப்பாவுக்குத் துடிப்பு தவறுவது மட்டும் எனக்குத் தெரியவில்லை. "களைப்பா இருக்கு தாயி" என்று போனில் சொன்னபோதெல்லாம், "வேலையைக் குறைங்கப்பா" என்று சொல்லிவிட்டு என் தட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்.

வார்டில் அப்பா நெஞ்சில் வைத்த அந்தப் பெட்டியைப் பற்றித்தான் ஓயாமல் கேட்டார்.

"இதுவும் ஒம் பொட்டி மாதிரிதானா?"

"ஆமாப்பா. ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டுல நெஞ்சு துடிக்கும்."

"அப்ப ரெண்டும் சொந்தக்காரப் பயலுகதேன்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் எச்சரிக்கைகளை வரிசையாகச் சொன்னார். இடது கையை மேலே தூக்காதீர்கள், போனை அந்தப் பக்கம் வைக்காதீர்கள், வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் போகாதீர்கள், ஒரு மாதம் ஓய்வு. கடைசியாக, மின்வேலி இருந்தால் ஜாக்கிரதை என்றார். அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"எம்புட்டு தூரம் தள்ளி நிக்கணும் தாயி?"

டாக்டரும் சிரித்துக்கொண்டு, "உங்க பொண்ணுக்கே தெரியுமே" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்குத் தெரியும். கம்பியைத் தொடக் கூடாது, ஒரு முழம் தள்ளி நின்றால் போதும், பெட்டிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூட. வேலி வாசலில் ஒரு சுவிட்சு வைத்தால் அணைத்துவிட்டு உள்ளே போகலாம், வரலாம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் கட்டிலின் அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு மாதம் ஓய்வு என்ற பேச்சு அப்பாவின் காதில் ஏறவேயில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஊருக்குப் போன மறுநாளே வெள்ளனே எழுந்து அந்தச் செங்குத்துப் படியில்தான் ஏறுவார். அம்மா என்னைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது. ஓய்வுக்குக் கட்டுப்படாத மனிதர் கரண்டுக்குக் கட்டுப்படுவார்.

"தோட்டத்துப் பக்கமே போகக் கூடாதுப்பா" என்றேன்.

"வேலிக்கு உள்ள போகாம..."

"வேலிப் பக்கமே கூடாது. இது கடைப் பொட்டி மாதிரி இல்ல. வேகம் ஜாஸ்தி. நீங்கதான் தொட்டுப் பாத்தீங்களே."

அப்பா தன் விரலைப் பார்த்துக்கொண்டார். "ஆமா, என்னா கடி" என்று முணுமுணுத்தார். பிறகு நெஞ்சில் கட்டுப் போட்ட இடத்தில் கையை வைத்து, "ரெண்டு பொட்டியும் நேருக்கு நேர் பாத்தா சண்டை போட்டுக்கும் போல" என்றார். நான் தலையை ஆட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

ஒரு மாதத்துக்குத்தான் அந்தப் பொய். அப்புறம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஒரு மாதம் முடிந்தது. அம்மா போனில், "இப்பதேன் மொகத்துல கொஞ்சம் ரத்தம் ஓடுது, இன்னுங் கொஞ்ச நாளு கெடக்கட்டுமே" என்றாள். சரி என்றேன். இன்னொரு மாதமும் போனது. அப்பா நன்றாகத்தான் இருந்தார். ஆனால் இப்போது சொன்னால், அப்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாரே? அதற்குப் பதில் சொல்லத் துப்பில்லாமல் நான் பாட்டுக்கு மதுரையில் இருந்தேன். நானும் ஒரு படித்தவள்!

மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் பள்ளம் முழுக்க உறைபனி, உப்பு கொட்டினாற்போல் கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்காவிட்டால் பூண்டுத் தாள் கருகிவிடும். அம்மா ஒற்றை ஆளாக ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி ஓடினாள். நானும் ஓடினேன், எனக்கு அந்த வேலை வராது, ஒரு பாத்தியைக் குளமாக்கி அடுத்ததைக் காயவிட்டேன். பாலத்துக் கட்டையில் அப்பா எழுந்து நின்றுகொண்டு கத்தினார். "மேல்படி! மேல்படிய மொதல்ல பாரு! வெரசா! வெயிலு அங்கதேன் மொதல்ல விழும்!" குரல் உடைந்துபோகும் அளவுக்குக் கத்தினார். கையிரண்டையும் ஆட்டினார். ஒரு அடி முன்னால் வைத்தார், பிறகு பின்னால் வைத்துக்கொண்டார். சாலையைக் கூடத் தாண்டவில்லை. மேல்படியில் ஒரு வரிசை கருகியது. "போனாப் போகுது, ஒங்களால முடிஞ்சது அம்புட்டுதேன்" என்று எங்களுக்குச் சமாதானம் சொன்னார். எனக்கு அங்கேயே மண்ணில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

மதுரைக்குத் திரும்பினால் வேலை ஓடவில்லை. என் கருவியைச் சுற்றி ஒரு செப்பு வலைக் கூண்டு உண்டு; வெளி மின்சாரம் எதுவும் உள்ளே வந்து செல்லின் சின்னக் குரலைக் கெடுத்துவிடாமல் இருக்க. அதன் முன்னால் உட்கார்ந்து, தட்டில் துடித்துக்கொண்டிருக்கும் செல்களைப் பார்ப்பேன். மைக்ராஸ்கோப்பில் அவை என்னவோ ஒழுங்காகத்தான் துடித்தன. எனக்குப் பாலத்துக் கட்டையில் முன்னும் பின்னும் வைத்த அந்தக் கால்தான் தெரிந்தது.

மாசியில் அப்பாவுக்கு மறுபரிசோதனை. மதுரைக்கு நான்தான் கூட்டிப்போனேன். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது, மனுஷரும் தேறிவிட்டார், மெல்ல மெல்லப் பழைய வேலைகளைப் பார்க்கலாம் என்றார்கள். இதுதான் சந்தர்ப்பம், போகும் வழியில் சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு மருந்து வாங்கப் போனேன். திரும்பி வந்தால், வரிசை பெஞ்சில் அப்பா வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஒருவர், அப்பாவைவிட இளையவர், அன்று அப்பாவுக்குப் போட்டிருந்த அதே இடத்தில் அதே கட்டு. அய்யம்பாளையத்துக்காரர். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு, பன்றிக்காக மின்வேலி போட்டிருக்கிறாராம்.

"தம்பி, நான் சொல்றதக் கேளு. வேலிப் பக்கமே போயிராத" என்றார் அப்பா. "எம் மக இதுலதேன் ஆராய்ச்சி பண்ணுது. நெஞ்சுக்குள்ள இருக்க செல்லு ஒண்ணுக்கொண்ணு என்ன பேசுதுன்னு கண்டுபிடிக்குது. கரண்டு பொட்டியும் அதுவே செய்யும். ரெண்டும் தெரிஞ்ச ஆளு எத்தன பேரு இருக்கான், சொல்லு."

அந்த மனிதரின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப தோப்பக் குத்தகைக்கு விட்டுற வேண்டியதுதேனாண்ணே? எங்கய்யா காலத்துத் தோப்பு."

"விட்டுரு தம்பி. கஷ்டந்தேன். நான் இருக்கேன்ல? பாலத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டுக் கெடக்கேன். உசுரு முக்கியமில்லையா?"

என் பொய் அப்பாவின் வாயில் சத்தியமாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவருக்குத் தோப்பு போகப்போகிறது. ஓடாத குறையாகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"இல்லண்ணே, தோப்ப விடாதீங்க. கம்பியத் தொடக் கூடாது, அவ்வளவுதான். ஒரு முழம் தள்ளி நடந்தா ஒண்ணும் ஆகாது. பொட்டிகிட்ட மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உள்ள போனதும் டாக்டர்கிட்டயும் கேட்டுக்குங்க."

அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, டாக்டரும் அதையேதான் சொன்னார் என்று இரண்டு கையையும் கூப்பினார். சிரித்த முகமாகப் போனார். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு நம் பாடு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரட்டும், திட்டட்டும், நாலு அறை கூட விடட்டும்.

பஸ் வத்தலக்குண்டைத் தாண்டியது. மலையேற ஆரம்பித்ததும் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"அந்தத் தம்பிகிட்ட நல்ல வார்த்தை சொன்ன தாயி. நாந்தேன் வெடுக்குனு விட்டுருன்னு சொல்லிப்புட்டேன். அவனுது கடைப் பொட்டி. அதுக்கு நீ சொன்ன கணக்குதேன் சரி. அது எனக்குத் தோணாமப் போச்சு பாரு."

"அப்பா, நம்ம பொட்டி கடைப் பொட்டிய விடச் சாது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய். நீங்க ஓய்வெடுக்கணும்னு சொன்னது. அந்த அண்ணனுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். ஒரு முழம் தள்ளி நடந்தாப் போதும். டாக்டரும் அதத்தானே சொன்னாரு."

அப்பா என் பக்கம் திரும்பினார். பிறகு சிரித்தார். கோபச் சிரிப்பில்லை, இரக்கப்பட்டுச் சிரிக்கும் சிரிப்பு.

"உங்கம்மா சொல்லச் சொன்னாளாக்கும்? பாவந்தேன், ஒத்தையில கெடந்து மாரடிக்கிறா. டாக்டருக்கு நெஞ்சு தெரியும் தாயி. நம்ம பொட்டிய அவரா செஞ்சாரு? என் விரலுக்குத் தெரியாதா அது கடிச்ச கடி?"

"இல்லப்பா. பழனியாண்டவர் மேல சத்தியமாச் சொல்றேன்..."

"ச்சே!" அப்பாவின் முகம் மாறிவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "எனக்காகச் சாமி மேல பொய்ச் சத்தியம் பண்ணாத. அந்தப் பாவம் ஒனக்கு வேணாம்." அதற்குப் பிறகு அவர் பேசவிடவில்லை. கம்பளியை என் மேலும் இழுத்துப் போர்த்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கொடைக்கானல் வரும்வரை அந்தக் கம்பளிக்குள் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவளும் அவரிடம் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வீட்டு மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் பேசி வைத்துக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை. பேசி வைக்காத இன்றைக்குக் கண்டுபிடிக்கிறார்.

பூண்டு பிடுங்கும் நாள் வந்தது. தாள் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. கூலிக்கு வந்த பெண்கள் வரப்பில் காத்து நின்றார்கள்; முதல் கட்டு வராமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். நான் பெட்டியிலிருந்து பேட்டரி வயரைப் பிடுங்கினேன். டிக் சத்தம் நின்றது. வேலிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

"அப்பா! பாருங்க! செத்துப்போச்சு! ஒண்ணுமே இல்ல! வாங்க!"

அப்பா எழுந்தார். சாலையைத் தாண்டினார். பள்ளத்துப் பாதையில் இறங்கினார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வேலிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். நின்றுவிட்டார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது; மாசிக் குளிரில் வேர்வை! அந்தப் பயத்தை நான்தான் உள்ளே வைத்தேன். டாக்டர் வைத்தது துடிப்பை மட்டும்தான்.

"முடியல தாயி" என்றார். "காலு வரமாட்டேங்குது. நீ வயர மாட்டு. காட்டுல மாடு பாத்துக்கிட்டு நிக்கும்." பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏ புள்ள, நீயே எடு" என்றார்.

அம்மா குனிந்து முதல் கட்டைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வயரை மாட்டினேன். டிக். அம்மா மண்ணோடு அந்தக் கட்டை என் கையில் கொடுத்தாள்; நான் வேலி வாசலைத் தாண்டிக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். பெருவிரலால் ஒரு பூண்டின் மண்ணைத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்லாத் தெரண்டிருக்கு தாயி. ஒம் பொட்டி இல்லேன்னா மாடு ஒண்ண விட்டு வச்சிருக்குமா?" கட்டைத் திரும்ப என் கையிலேயே வைத்தார். "ஊனுன கைக்குத்தேன் குடுத்து வைக்கல. காப்பாத்துன கை இருக்குல்ல. பரண்ல இத நீயே கட்டு. வர்ற போகத்துக்கு மொதப் பல்லையும் நீயே ஊனிரு."

கையைப் பின்னால் ஒளித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முடியவில்லை, இரண்டு கையிலும் அந்தப் பூண்டு இருந்தது.